திங்களின் வழியைக் கற்பித்த பேராசான் அல்பீரூனி

பிறை கண்டு நோன்பு நோற்கவும், பிறை கண்டு பெருநாள் கொண்டாடவும் பழகிய சமுதாயம் நம் சமுதாயம். ஷஃபான் மாதத்து இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மேற்கு வானத்தை ஆவலுடன் நோக்காத முஸ்லிம் இல்லம் இல்லை எனலாம். ஆயினும், நேற்றுக் கண்ணுக்குப் புலப்படாத பிறை இன்று புலப்படுவது எதனால், நாளுக்கு நாள் அது வளர்வது எங்ஙனம், முழு நிலவைச் சில மாதங்களில் மட்டும் கிரகணம் பற்றுவது ஏன் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவினால், விடை கூற இயலாமல் பேச்சை மாற்றிவிடுவோர் நம்மில் பலர். இத்தகைய வினாக்களை மதித்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மாணவிக்காக ஒரு நூலையே எழுதித் தந்த பேரறிஞர் ஒருவர் இஸ்லாமிய உலகில் வாழ்ந்தார்கள். அவர்கள்தாம் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பீரூனி அவர்கள்.

பிறப்பும் இளமையும்

ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், அதாவது கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், குவாரிஸம் நாட்டின் காத் நகரையொட்டிய பகுதியில் அல்பீரூனி அவர்கள் பிறந்தார்கள். இன்று அந்நிலம் உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. பாரசீக மொழியில் பீரூன் என்பதற்கு வெளிப்புறம் என்பது பொருள். நகருக்குப் புறத்தே பிறந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பர்.

அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கணித வல்லுநருமான அபூ நஸ்ர் மன்ஸூர் அவர்கள் இளம் அல்பீரூனிக்கு ஆசானாக வாய்த்தார்கள். கல்வி வரலாற்றில் அரிதாகக் காணப்படும் ஓர் உறவு அவ்விருவருக்கும் இடையே மலர்ந்தது. பிற்காலத்தில் ஆசானே தம் மாணவரின் பெயருக்குரியனவாகப் பன்னிரண்டு நூல்களை எழுதினார் என்றால், அவ்வன்பின் ஆழத்தை நாம் உணரலாம். கற்பவரைத் தமக்கு இணையாக மதிக்கும் பண்பை அல்பீரூனி அவர்கள் அந்த ஆசானிடமே கற்றார்கள் போலும்.

பதினேழு வயதளவில், கதிரவன் உச்சியில் நிற்கும் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே உள்ளது என்பதை அவர்கள் கணித்தார்கள். ஆனால் அமைதியாகக் கற்கும் பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. 995ஆம் ஆண்டில் குவாரிஸத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆதரவளித்த அரச குடும்பம் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது.

இரு நகரங்கள் கண்ட ஒரே கிரகணம்

சில காலம் கழித்து ஊர் திரும்பிய அவர்கள், 997ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரிலிருந்து நோக்கினார்கள். முன்னரே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அதே கிரகணத்தைப் பக்தாது நகரிலிருந்து புகழ்மிக்க கணித மேதை அபுல் வஃபா அவர்களும் நோக்கினார்கள்.

இதன் நுட்பம் யாது? சூரிய கிரகணம் ஊருக்கு ஊர் வேறுபட்ட நேரத்தில் தொடங்கும். சந்திர கிரகணமோ அவ்வாறன்று. பூமியின் நிழலுக்குள் நிலவு நுழையும் கணம், அதனைக் காணும் அனைவருக்கும் ஒரே கணமாகும். அக்கணத்தில் ஓர் ஊரில் இரவு எட்டு மணி என்றும், மற்றோர் ஊரில் ஒன்பது மணி என்றும் உள்ளூர் நேரம் அமைந்தால், அவ்விரு ஊர்களுக்கும் இடையே கிழக்கு மேற்காகப் பதினைந்து பாகை தூரம் உண்டு என்பது தெளிவு. காத் நகருக்கும் பக்தாதுக்கும் இடையே ஏறத்தாழப் பதினாறு பாகை வேறுபாடு உள்ளதை இன்றைய நிலப்படங்கள் காட்டுகின்றன. மக்கள் அஞ்சி நடுங்கிய கிரகணத்தை, கைகோத்து உழைத்த இரு முஸ்லிம் அறிஞர்கள் நாடுகளை அளக்கும் அளவுகோலாக ஆக்கிக்கொண்டார்கள்.

பின்னர் ஜுர்ஜான் நாட்டு மன்னர் காபூஸின் ஆதரவில் தங்கி, பல்வேறு சமுதாயத்தாரின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஆராயும் பெருநூல் ஒன்றை 1000ஆம் ஆண்டளவில் இயற்றினார்கள். 1003ஆம் ஆண்டில் இரண்டு சந்திர கிரகணங்களையும், 1004ஆம் ஆண்டில் ஒன்றையும் நோக்கிக் குறித்து வைத்தார்கள்.

கஸ்னியில் கழிந்த நாட்கள்

1017ஆம் ஆண்டில் சுல்தான் மஹ்மூது குவாரிஸத்தைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலருடன் அல்பீரூனி அவர்களும் கஸ்னி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். விரும்பிச் சென்ற பயணம் அன்று அது. அடுத்த ஆண்டில், காபூல் அருகே ஒரு சிற்றூரில் கருவி எதுவுமின்றி வறுமையில் தங்க நேர்ந்தபோது, கணக்குப் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டிக் கதிரவனின் உயரத்தை அளந்தார்கள். கருவி இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கற்பதை நிறுத்துவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

1019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8ஆம் நாள் லம்கான் பள்ளத்தாக்கில் சூரிய கிரகணத்தையும், அதே ஆண்டு செப்டம்பரில் கஸ்னியில் சந்திர கிரகணத்தையும் கண்டு எழுதினார்கள். சூரிய கிரகணத்தை நேராக நோக்கினால் பார்வை கெடும் என்ற எச்சரிக்கையையும் அவர்களின் எழுத்தில் காண்கிறோம். இளமையில் அவ்வாறு நோக்கியதால் தம் கண்கள் பலவீனமுற்றதை மறையாது கூறி, நீரில் தெரியும் நிழலைப் பார்ப்பதே மேல் என்று அறிவுறுத்தினார்கள். நீரில் பார்ப்பதும் கண்ணுக்குக் கேடு என்று இன்றைய மருத்துவம் கூறுவதால், அதற்கென அமைந்த பாதுகாப்புக் கண்ணாடியின் வழியாகவே நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் காண்பதில் யாதொரு தீங்கும் இல்லை.

மாணவராக நின்று ஆசானாக உயர்ந்தவர்

இந்தியாவில் அவர்கள் ஆற்றிய பணியே நமக்கு மிக நெருக்கமானது. நாற்பது வயதைக் கடந்த பின் வடமொழியைக் கற்கத் தொடங்கினார்கள். நாடு வென்றவரின் அவையில் இருந்தும், வெல்லப்பட்டவர்களின் கலைகளை அறியப் பண்டிதர்களின் முன் மாணவராக அமர்ந்தார்கள். அவர்களின் கணக்கு முறைகளைத் தெரிந்துகொண்ட பிறகே அம்முறைகளுக்கு அடிப்படையான காரணங்களை எடுத்துரைக்கலானார்கள். அப்போது பண்டிதர்கள் வியந்து, எந்த இந்திய ஆசானிடம் இவற்றைக் கற்றீர் என்று வினவினார்களாம். யூக்ளிடின் வடிவக் கணித நூலையும், தாலமியின் வானநூலையும் இந்நாட்டார் பயிலும் பொருட்டு வடமொழியில் தரவும் முயன்றார்கள். இவ்வாறு பல்லாண்டுகள் திரட்டிய செய்திகளை எல்லாம் எண்பது அதிகாரங்கள் கொண்ட இந்தியா பற்றிய நூலாக 1030ஆம் ஆண்டில் நிறைவு செய்தார்கள்.

கிரகணம் பற்றிய அதிகாரம் அந்நூலில் சிறப்பானது. பூமியின் நிழலில் நிலவு புகுவதே சந்திர கிரகணம், கதிரவனை நிலவு மறைப்பதே சூரிய கிரகணம் என்று வராகமிகிரர் தெளிவாக எழுதியிருந்ததை அல்பீரூனி அவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். நிலவு வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நாளொன்றுக்குச் சுமார் பதின்மூன்று பாகை நகர்கிறது. ஆதலால் நிழலில் முதலில் நுழைவது அதன் கிழக்கு விளிம்பே. சூரிய கிரகணத்திலோ கதிரவனின் மேற்கு விளிம்பே முதலில் மறைகிறது. வராகமிகிரர் அறிந்திருந்த இவ்வுண்மையை அவர்கள் தம் நூலில் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் மற்றொரு பேரறிஞரான பிரம்மகுப்தர், உண்மைக் காரணத்தை நன்கறிந்து கணக்கிடும் முறையையும் வகுத்திருந்தும், இராகு விழுங்குகிறான் என்னும் மக்கள் கருத்துக்கு ஓரிடத்தில் இசைந்து எழுதியிருந்தார். அது அல்பீரூனி அவர்களை வருத்தியது. கண்டித்தார்கள், எனினும் இழித்துரைக்கவில்லை. உண்மை பேசியதற்காக உயிர் இழந்த கிரேக்க ஞானி சாக்ரடீஸை நினைவுகூர்ந்து, அத்தகைய நெருக்கடி ஏதேனும் பிரம்மகுப்தரையும் அவ்வாறு எழுதத் தூண்டியிருக்கக் கூடும் என்று இரங்கினார்கள். கற்பிப்பவர் அறிந்த உண்மையை அச்சத்தால் மறைக்கலாகாது என்னும் கொள்கையும், மறைக்க நேர்ந்தவரின் துயரை உணரும் நெஞ்சமும் அவர்களிடம் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

இக்கொள்கைக்கு வேர் எங்கே உள்ளது என்பதை முஸ்லிம்கள் நன்கறிவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் பாலகர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணக்கிடுகின்றனர். பாலகரின் மறைவுக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசினர். மகனை இழந்த துயரிலும் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கதிரவனோ நிலவோ கிரகணம் அடைவதில்லை என்பதை எடுத்துரைத்துத் தொழுகையில் ஈடுபடச் செய்தார்கள்.

ஒரு மாணவிக்காக எழுந்த நூல்

1029ஆம் ஆண்டில், குவாரிஸத்தைச் சேர்ந்த ஹஸன் என்பாரின் மகளான ரைஹானா என்னும் மாணவியின் வேண்டுகோளை ஏற்று, வானியலைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் நூலை அல்பீரூனி அவர்கள் எழுதினார்கள். கிதாபுத் தஃப்ஹீம் என வழங்கும் அந்நூலின் பெயரிலேயே விளங்க வைத்தல் என்னும் பொருள் அடங்கியுள்ளது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களும் அவற்றுக்குரிய விடைகளுமாக அது அமைந்துள்ளது. அரபியிலும் பாரசீகத்திலும் அந்நூல் வழங்குகிறது.

அதன் அமைப்பே ஒரு பாடமாகும். புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று வடிவக் கணிதத்தில் தொடங்குகிறது. பிறகு எண் கணிதம். அதன் பிறகே வானமும் கோள்களும், நாட்காட்டியும், ஆஸ்தர்லாப் கருவியும் வருகின்றன. அக்காலத்தார் பெரிதும் விரும்பிய சோதிடம் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. அதில் அவர்களுக்கு நம்பிக்கை மிகக் குறைவு. அடிப்படையை அறியாதவர் முடிவை மட்டும் கேட்டு மயங்கலாகாது என்பதே அந்த வரிசையின் நோக்கம் போலும்.

நிலவு தானாக ஒளிர்வதில்லை. கதிரவனின் ஒளியைப் பெற்றே ஒளிர்கிறது. அதன் ஒரு பாதி எப்போதும் ஒளி பெற்றே இருக்கிறது. அவ்வொளிப் பாதியில் நம் பக்கம் திரும்பிய பகுதி எவ்வளவோ, அவ்வளவே நாம் காணும் பிறை. கதிரவன் இருக்கும் திசையிலேயே நிலவும் நிற்கும்போது ஒளிப் பாதி நமக்கு அப்பால் இருப்பதால் அமாவாசை. விலக விலகப் பிறை வளர்ந்து, நேர் எதிரே வரும்போது முழு நிலவு. இக்கருத்தை வட்டப் படம் வரைந்து விளக்கும் பழைய கையெழுத்துப் பிரதிகளை இன்றும் காணலாம்.

அவ்வாறாயின் ஒவ்வொரு முழு நிலவிலும் கிரகணம் நேர வேண்டாமா? இங்குதான் மாணவர் தடுமாறுவர். நிலவு செல்லும் பாதை, கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதையிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்துள்ளது. அவ்விரு பாதைகளும் இரண்டு இடங்களில் மட்டுமே வெட்டிக்கொள்கின்றன. அவ்விடங்களின் அருகே நிலவு இருக்கும்போது முழு நிலவோ அமாவாசையோ நேர்ந்தாலே கிரகணம் உண்டாகும். அரபு வானநூலார் அவ்விடங்களை நாகத்தின் தலை என்றும் வால் என்றும் குறித்தனர். நம் பஞ்சாங்கங்கள் இராகு, கேது என்று குறிப்பனவும் அவையே.

பிறர் கலையை மதித்த பெருந்தன்மை

தொழுகை நேரம் அறிய உதவும் கருவி ஒன்றில் ரோமானியரின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால், அதனைப் பள்ளிவாசலில் பயன்படுத்த ஒருவர் மறுத்துவிட்டார். இதனை எழுதிய அல்பீரூனி அவர்கள், ரோமானியர் உணவு உண்கின்றனர், கடைவீதியில் நடக்கின்றனர் என்பதற்காக அவற்றையும் விட்டுவிடுவதா என்னும் கருத்தில் நயமாக இடித்துரைத்தார்கள். அறிவு எங்கிருந்து வரினும் ஏற்றுக்கொள்வதற்குரியது என்பது அவர்களின் துணிபு.

விடை வேறு, விளக்கம் வேறு

கிரகணத்தைக் கணிப்பது ஒன்று. அது நிகழும் காரணத்தை அறிவது வேறொன்று. நம் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். சென்னையில் 1825ஆம் ஆண்டு வெளிவந்த கால சங்கலிதம் என்னும் நூலை எழுதிய ஜான் வாரன் என்பார், புதுவையில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக அறிந்த எண் வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் நான்கு நிமிடமே பிழை. இறுதி நேரத்திலோ 52 நிமிடப் பிழை. தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அந்த நினைவாற்றல் போற்றுதற்குரியது. ஆனால் கணக்கின் அடிப்படையான வானியல் கோட்பாடு அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. காரணத்தை அறியாதவரால் கணக்கு பிழைக்கும்போது அதனைத் திருத்திக்கொள்ள இயலாது. ரைஹானாவுக்கு விடையோடு காரணத்தையும் சேர்த்துத் தந்த அல்பீரூனி அவர்களின் பெருமை இங்கே விளங்குகிறது.

மலையும் பிறையும்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து மக்கள் பிறை பார்ப்பதில் உள்ள ஒரு தொல்லையை நன்கறிவார்கள். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்கிறது. தலைப்பிறையோ கதிரவன் சாய்ந்த திசையில் அடிவானத்துக்குச் சற்றே மேலே தோன்றிச் சிறு பொழுதில் மறைந்துவிடும். வானில் பிறை இருந்தும் மலை மறைத்துவிடும். மலையடிவாரத்தில் நிற்பவருக்கு முகடு மிக உயர்ந்து தோன்றும். கிழக்கே சில கல் தொலைவு விலகித் திறந்த வெளியில் நிற்பவருக்கு அதே முகடு தாழ்ந்து தோன்றும். பிறை பார்க்க எங்கே நிற்க வேண்டும் என்பதும் ஒரு கணிதமே.

மலையைத் தடையாகக் கொள்ளாமல் கருவியாகக் கொண்டவர்கள் அல்பீரூனி அவர்கள். இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார்கள். உச்சியில் நின்று, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதையும் அளந்தார்கள். அவ்விரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தை இன்றைய அளவுக்கு மிக நெருக்கமாகக் கணித்தார்கள்.

இன்று நம் பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்பிக்கப் பெருங்கருவிகள் தேவையில்லை. இருண்ட அறையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, வெள்ளைப் பந்தொன்றைக் கை நீட்டிப் பிடித்தவாறு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொன்னால், பிறை வளர்வதும் தேய்வதும் பந்தின்மேல் தெரியும். விளக்குக்கு எதிர்ப்புறம் வரும்போது தலையின் நிழல் பந்தின்மேல் விழுந்தால் அது கிரகணம். பந்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் நிழல் விழாது. மாதந்தோறும் கிரகணம் நேராத காரணம் அதுவே. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இரவு இந்தியா முழுவதும் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தில், நிலவு ஏறத்தாழ 82 நிமிடம் செந்நிறமாக நின்றது. அத்தகைய இரவுகளில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைப்பதைவிட, கிரகணத் தொழுகைக்கு அழைத்துச் சென்று, பின்னர் வானத்தைக் காட்டி விளக்குவது எத்துணை நன்று!

இறுதி மூச்சிலும் கல்வி

1030ஆம் ஆண்டுக்குப் பின் சுல்தான் மஸ்ஊதின் பெயரால் அல்கானூனுல் மஸ்ஊதி என்னும் வானியல் பேரேட்டை இயற்றினார்கள். அறுபது வயதைக் கடந்த நிலையில் அவர்கள் தாமே தொகுத்த பட்டியலில் 113 நூல்கள் இடம்பெற்றன. கி.பி. 1048ஆம் ஆண்டளவில் கஸ்னியில் அவர்களின் வாழ்வு நிறைவுற்றது.

மரணப் படுக்கையில் அவர்களைக் காண வந்த மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரிடம், வாரிசுரிமை பற்றி முன்னர் பேசிய ஒரு சிக்கலை மீண்டும் விளக்குமாறு வேண்டினார்களாம். இந்நிலையிலுமா என்று அவர் இரங்க, அறியாமல் இறப்பதைவிட அறிந்து இறப்பது மேல் என்னும் கருத்தில் விடை தந்தார்களாம். விளக்கம் கேட்டுத் தெளிந்த பின், அவ்வறிஞர் தெருவில் இறங்கியபோதே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது என்று யாகூத் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

நிலவின் மறுபுறத்தில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு அல்பீரூனியின் பெயரை உலக வானியலார் சூட்டியுள்ளனர். அங்கே பெயர் நிலைத்திருப்பதினும், இங்கே நம் இல்லங்களில் அவர்களின் வழி நிலைத்திருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் சிறந்த நன்றியாகும். அடுத்த பிறை பார்க்கும் மாலையில் ஒரு சிறுமி ஏன் என்று கேட்டால், அவ்வினாவை அடக்கிவிடாமல், ரைஹானாவுக்குக் கிடைத்த மதிப்பை அவளுக்கும் தருவோமாக! அதற்கான அறிவையும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.